ஈரானியச் சமையலை ஈரானிலிருந்து வந்தவரிடம் கற்பது: வகுப்பும் சில கேள்விகளும்

வேணி, ஈலிங்

புலம்பெயர்ந்து வந்தவர்கள் தங்கள் ஊர்ச் சமையலைக் கற்றுத்தரும் வகுப்புகளுக்குப் போனவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்களா? லண்டனில் ஒரு தொண்டு அமைப்பு நடத்தும் ஈரானியச் சமையல் வகுப்புக்குப் போய்வந்தேன். சமையலைப் பற்றியும் சொல்ல வேண்டும், அங்கே என் மனத்தை உறுத்திய ஒன்றைப் பற்றி உங்கள் கருத்தையும் கேட்க வேண்டும்.

ஆசிரியை ரஷ்த் நகரத்துக்காரர். காஸ்பியன் கடலோரத்தில் உள்ள கிலான் மாகாணம். மழையும் நெல்வயலும் தேயிலைத் தோட்டமுமாக இருக்கும் பக்கம். ஈரான் முழுவதும் மணல் என்று நினைத்து வந்திருந்தவர்களுக்கு அவர் முதலில் சொன்னது இதைத்தான். அன்று மூன்று பதார்த்தங்கள் செய்தோம். கோர்மே சப்ஸி என்னும் கீரைக் குழம்பு, செலோ என்னும் வடித்த சோறு, வெள்ளரிக்காயும் உலர்ந்த புதினாவும் கலந்த தயிர்.

கீரை நறுக்கவே வெகு நேரம் பிடித்தது. பார்ஸ்லி, கொத்தமல்லி, பூண்டு மணமுள்ள ஒரு வகை வெங்காயத்தாள், கொஞ்சமாக வெந்தயக்கீரை. மிக்ஸியில் போட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்டார். அரைத்தால் நீர் விட்டுவிடும், நீர் விட்ட கீரை எண்ணெயில் வதங்காது, வெந்துவிடும் என்று ஆசிரியை மறுத்தார். பிறகு அகலமான சட்டியில் எண்ணெய் விட்டு, மிதமான தீயில் வதக்கத் தொடங்கினோம். எங்கள் கண்ணுக்குப் போதும் என்று தோன்றியபோது அவர் கரண்டியை வாங்கி, மேலும் பத்து நிமிடம் கிளறினார். கருகுவதற்குச் சற்று முந்தைய கரும்பச்சை வந்ததும் ஒரு சிட்டிகை எடுத்து ஒவ்வொருவர் மூக்கருகிலும் காட்டினார். பச்சைக்கீரை வாசனை முழுவதும் போய் வேறொரு வாசனை வந்திருந்தது. அந்த வாசனைதான் குழம்பின் உயிர்.

சோற்றுக்கு மூடி போட்ட பின், விரலை நீரில் நனைத்துப் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டார். சுர்ரென்ற சத்தம் கேட்டதும் தீயைக் குறைத்தார். கடிகாரத்தை அவர் பார்க்கவே இல்லை.

இனி உறுத்திய விஷயம். எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும்போது ஒருவர், "நீங்கள் இங்கே எப்படி வந்தீர்கள்? படகிலா?" என்று கேட்டார். "அது பெரிய கதை" என்று சொல்லிவிட்டு ஆசிரியை தயிர்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார். கேட்டவர் விடவில்லை. குடும்பம் எங்கே, ஏன் வந்தீர்கள் என்று தொடர்ந்தார். அதுவரை அந்த அறையையே ஆண்டுகொண்டிருந்தவர், அதன் பிறகு பேசவில்லை. கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, எனக்கு அது தெரியும். ஆனாலும் காசு கொடுத்து வகுப்பில் சேர்ந்தால் கதை கேட்கும் உரிமையும் சேர்ந்து வருகிறதா?

கரிசல்மண்

வேணி அவர்களே, முதலில் எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். இணையத்தில் ஈரானியப் பெண்களே செய்துகாட்டும் காணொளிகள் ஏராளமாக இருக்கின்றன, இலவசமாக. நிறுத்திப் பார்க்கலாம், திருப்பிப் பார்க்கலாம். இத்தகைய வகுப்புகளுக்குக் கட்டணம் வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி அனுதாபத்துக்குத்தானே போகிறது? உதவி செய்ய வேண்டுமானால் நேராக உதவலாம். சமையல் கற்க வேண்டுமானால் சமையல் கற்கலாம். இரண்டையும் கலப்பதால்தான் நீங்கள் சொல்லும் சங்கடம் வருகிறது என்று நினைக்கிறேன்.

வேணி, ஈலிங்

கரிசல்மண், காணொளி பார்த்துத்தான் நானும் ஈரானியச் சமையலைத் தொடங்கினேன். அதில் கிடைக்காத ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஈரானியச் சோற்றில் அரிசியை எந்த நொடியில் வடிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காணொளியில் "ஆறு முதல் எட்டு நிமிடம்" என்பார்கள். அரிசி பழையதா புதியதா, எவ்வளவு நேரம் ஊறியது, தண்ணீர் எவ்வளவு என்பதைப் பொறுத்து அது மாறும். ஆசிரியை ஒரு பருக்கையை எடுத்து எங்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்து நசுக்கச் சொன்னார். வெளிப்பகுதி மசிய வேண்டும், நடுவில் ஊசிமுனை அளவு கடினம் நிற்க வேண்டும். அரை நிமிடம் கழித்து இன்னொரு பருக்கை. அந்த வித்தியாசத்தை விரல் அறிந்துகொண்டது. திரையில் வரும் எவரும் என் விரலிடையே பருக்கையை வைக்க முடியாது.

அனுதாபத்துக்குக் காசு என்று நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. பாட்டு வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கிறோம், அதை யாரும் அனுதாபம் என்பதில்லை. நாற்பது ஆண்டுகளாகக் கையில் ஏறியிருக்கும் வித்தையைக் கற்றுத்தருபவருக்கு மட்டும் ஏன் அந்தப் பெயர்?

நல்லூரான்

தங்கச்சி வேணி, உங்கள் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, கொஞ்சம் நீளமானது.

நான் 1999 இல் யாழ்ப்பாணத்திலிருந்து இலண்டன் வந்து தஞ்சம் கோரியவன். என் கதையை உள்துறை அமைச்சில் சொன்னேன். சட்டத்தரணியிடம் சொன்னேன். மேன்முறையீட்டில் திரும்பவும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் திகதி மாறாமல், இடம் மாறாமல் சொல்ல வேண்டும். ஒன்று பிசகினால் பொய்யன் என்று எழுதிவிடுவார்கள். தஞ்சம் கோரி வந்தவருக்குக் கதை சொல்வது என்பது அதுதான். அது விசாரணை. அதைச் சாப்பாட்டு மேசையில் இன்னொருவர் அன்போடு கேட்டாலும் உடம்பு அந்த அறைக்கே திரும்பிப் போகிறது. அந்த அம்மா பேச்சை நிறுத்தியதன் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் வந்த காலத்தில் ஆறு மாதத்தில் முடிவு வராவிட்டால் வேலை செய்ய அனுமதி கேட்கலாம். அப்படித்தான் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். 2002 ஜூலையில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். இப்போது 12 மாதங்களுக்கு மேல் முடிவு வராமல் இருந்தால் விண்ணப்பிக்கலாம், கிடைத்தாலும் அரசு வரையறுத்த தொழில்கள் மட்டும்தான். சாப்பாடு தரும் விடுதிகளில் தங்க வைக்கப்பட்டவர்களுக்கு 2024 இல் கையில் கிடைத்தது வாரம் 8.86 பவுண்டு. அங்கே அடுப்பு கிடையாது. தட்டில் போட்டு மூடி வைத்ததைத் தின்ன வேண்டும். சமைக்கத் தெரிந்த ஒரு பெண்ணை மாதக்கணக்கில் அடுப்பில்லாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று சமைப்பவர்களுக்குத் தெரியும்.

ஆகவே, கரிசல்மண் தம்பி, இந்த வகுப்புகளில் கலப்பது அனுதாபம் இல்லை. ஒரு அடுப்பு, ஒரு கத்தி, சொல்வதைக் கேட்கப் பத்துப் பேர். வகுப்புக்குப் போகிறவர்கள் பணத்தைக் கொடுங்கள், கவனமாகப் படியுங்கள், கதையை அவராகச் சொன்னால் கேளுங்கள்.

கரிசல்மண்

அண்ணா, விடுதியில் அடுப்பு இல்லாத விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. வேலை செய்ய அனுமதி இல்லை என்றால், வகுப்பு நடத்துபவர்களுக்குச் சம்பளம் எப்படிக் கொடுக்கிறார்கள்? கொடுக்க முடியாது என்றால், நாம் கட்டும் கட்டணம் யாருக்குப் போகிறது?

மதிவதனி

இதற்கு நான் பதில் சொல்கிறேன், இத்தகைய அமைப்புகளில் தன்னார்வலராக இருந்திருக்கிறேன். தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்கள் தொண்டு அமைப்புகளில் தன்னார்வலராகச் செயல்படச் சட்டம் இடம்கொடுக்கிறது. போக்குவரத்துச் செலவு, சாப்பாட்டுச் செலவைத் தரலாம், ஊதியம் தரக்கூடாது. அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கும் வேலை செய்ய அனுமதிக்கும் விசாவில் வந்தவர்களுக்கும் ஊதியம் தரலாம். 2017 இல் ஜெஸ் தாம்சன் தொடங்கிய மைக்ரேட்ஃபுல் அமைப்பு லண்டனில் இந்த வகை வகுப்புகளுக்குப் பேர்போனது. ஆங்கிலப் பயிற்சி, உணவுச் சுகாதாரச் சான்றிதழ், கூட்டத்தின் முன் நின்று பேசும் பழக்கம் ஆகியவை அங்கே சமையற்காரர்களுக்குக் கிடைக்கின்றன. கட்டணம் எங்கே போகிறது என்று பதிவு செய்வதற்கு முன் கேளுங்கள். நல்ல அமைப்பு எதுவும் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காது.

எனக்கு இருக்கும் மனக்குறை வேறு. ஈரானின் பல்கலைக்கழக மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். அங்கே ஆசிரியராக, கணக்காளராக, பொறியாளராக இருந்த பெண்கள் இங்கே வந்ததும் ஏப்ரனைக் கட்டிக்கொள்கிறார்கள். அவர்களிடம் நாம் கேட்பது குழம்பு மட்டும்தானா? புலம்பெயர்ந்த பெண் என்றால் சமைத்துக்காட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வகுப்புகளை நான் எதிர்க்கவில்லை. அதோடு நின்றுவிடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

வேணி, ஈலிங்

மதி, நீங்கள் சொல்வது சரியான குறை. எங்கள் ஆசிரியை ரஷ்தில் பள்ளியில் கணிதம் நடத்தியவர். அதை அவரே சொன்னார், பெருமையோடு. அவர் எங்களுக்குக் கற்றுத்தந்த முறையில் அந்தப் பள்ளிக்கூடம் தெரிந்தது. யார் பின்தங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு அங்கே போய் நிற்பார். ஒரே விளக்கத்தை மூன்று விதமாகச் சொல்வார். கதை கேட்டுத் துளைத்த மனிதர், "ரஷ்தில் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

அகிலா திருச்சி

பெரிய விவாதத்துக்கு நடுவில் அடுப்பங்கரைக் கேள்வி கேட்பதற்கு மன்னிக்க வேண்டும். வேணி அக்கா, அந்தச் சோற்றையும் அடியில் மொறுமொறுவென்று வரும் தஹ்திக்கையும் திருச்சியில் இருந்தபடி செய்ய முடியுமா? பொன்னி அரிசி ஆகுமா? நாங்கள் சைவம். கோர்மே சப்ஸியை இறைச்சி இல்லாமல் செய்தால் ருசி வருமா?

வேணி, ஈலிங்

மன்னிப்பெல்லாம் எதற்கு அகிலா, இதற்காகத்தானே இந்த இழையே.

பொன்னி வேண்டாம், குழைந்து ஒட்டிக்கொள்ளும். நல்ல பழைய பாசுமதி வாங்குங்கள். கிலானிலும் மாசந்தரானிலும் விளையும் தங்கள் உள்ளூர் அரிசிதான் ஈரானியர்களுக்கு உசத்தி, ஆனாலும் இந்தியாவிலிருந்து பாசுமதி அதிகம் வாங்கும் நாடுகளில் ஈரானும் ஒன்று.

இரண்டு கப் அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, இரண்டு மேசைக்கரண்டி உப்புப் போட்ட நீரில் ஒரு மணி நேரமாவது ஊறவையுங்கள். உப்பு அதிகம் என்று பயப்படாதீர்கள், வடிக்கும்போது பெரும்பகுதி போய்விடும். பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அரிசியைப் போடுங்கள். நான் முன்பு எழுதிய விரல் சோதனையைச் செய்து, நடுவில் முனை நிற்கும்போதே வடித்துவிடுங்கள். நாம் கஞ்சி வடிக்கும் பதத்துக்கு நன்றாக முன்பே வடிக்க வேண்டும், நமக்குப் பழகிய பதம் இங்கே பிந்திய பதம்.

அடிகனமான பாத்திரத்தில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெயும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு, அரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக வெட்டிய உருளைக்கிழங்கை நெருக்கமாக அடுக்குங்கள். மேலே சோற்றை அழுத்தாமல் கோபுரமாகக் குவித்து, கரண்டிக் காம்பால் அங்கங்கே துளை போடுங்கள், ஆவி மேலே வரட்டும். மூடியைப் பருத்தித் துணியில் சுற்றி மூடுங்கள். துணி நுனிகளை மேலே முடிந்துவிடுங்கள், தீயில் படக்கூடாது. துணி ஆவியை உறிஞ்சிக்கொள்வதால் நீர் திரும்பச் சோற்றில் சொட்டாது. ஏழெட்டு நிமிடம் நல்ல தீ. விரலை நனைத்துப் பாத்திரத்தைத் தொட்டுச் சத்தம் கேட்டதும் மிகச் சிறிய தீயில் முக்கால் மணி நேரம். இறக்கியதும் பாத்திரத்தின் அடியைக் குளிர்ந்த நீரில் சில நொடிகள் வையுங்கள், தஹ்திக் அடியை விட்டுக் கழன்று வரும்.

குங்குமப்பூ இருந்தால், சிட்டிகை சர்க்கரையோடு சிறு உரலில் பொடித்து, ஒரு ஐஸ்கட்டியின் மேல் தூவி உருகவிடுங்கள். அந்த நீரைக் கொஞ்சம் சோற்றில் கலந்து மேலே பரப்புங்கள். உலகக் குங்குமப்பூவில் பெரும்பகுதி ஈரானில், அதுவும் கொராசான் பக்கத்தில் விளைகிறது. ஆனால் ஆசிரியை கிள்ளிக் கிள்ளித்தான் போட்டார். அங்கேயும் அது விலை உயர்ந்த சரக்குதான்.

சைவமாகவும் கோர்மே சப்ஸி அருமையாக வரும். சிவப்பு ராஜ்மாவை இரட்டிப்பாக்குங்கள், காளான் சேர்க்கலாம். மணம் முழுவதும் கீரையிலும் உலர்ந்த எலுமிச்சையிலும்தான் இருக்கிறது. வெந்தயக்கீரையை மட்டும் அளவோடு போடுங்கள், மற்றக் கீரைகள் நாலு கட்டு என்றால் அது கால் கட்டு, அதற்கு மேல் போனால் கசக்கும். மிளகாய் கிடையாது. மஞ்சள், மிளகு, உப்பு, புளிப்பு, அவ்வளவுதான். மேலே எண்ணெய் பிரிந்து நிற்கும்வரை கொதிக்கட்டும்.

தென்கரையான்

மிளகாய் கிடையாது என்பதற்கு மட்டும் ஒரு திருத்தம், சண்டைக்கு இல்லை. அது ரஷ்துக்கும் தெஹ்ரானுக்கும் பொருந்தும். நான் தெற்கே, பாரசீக வளைகுடாக் கரையில் உள்ள பூஷெஹ்ர் மாகாணத்தில் அசலூயேயில் எரிவாயுத் திட்டம் ஒன்றில் வேலை பார்த்தவன். அந்தக் கரையில் கலியே மாஹி என்று ஒரு மீன்குழம்பு. கொத்தமல்லியும் வெந்தயக்கீரையும் வதக்கி, ஏகப்பட்ட பூண்டு, மஞ்சள், மிளகாய், புளிக்கரைசல் விட்டு, வஞ்சிரம் துண்டுகளைப் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். முதல் வாயிலேயே நான் ஊருக்கு வந்துவிட்டேன். கீரை மட்டும்தான் புதிது. பாரசீக வளைகுடாத் துறைமுகங்களுக்கும் நம் மேற்குக் கரைக்கும் நூற்றாண்டுக் கணக்கான கப்பல் போக்குவரத்து இருந்தது. அந்தக் குழம்பில் அது இன்னும் கொதிக்கிறது. ரஷ்த்காரர்கள் இதைச் சாப்பிட்டால் தண்ணீர் தேடுவார்கள்.

இன்னொரு நெருக்கமும் உண்டு. சூடு, குளிர்ச்சி பார்ப்பது. அங்கே ஒவ்வொரு உணவுக்கும் ஒரு தன்மை சொல்வார்கள். வால்நட் சூடு, தயிர் குளிர்ச்சி, மீன் குளிர்ச்சி. மீனோடு தயிர் சாப்பிடக்கூடாது என்று என் மேற்பார்வையாளரின் தாயார் என் தட்டிலிருந்து தயிரை எடுத்தே விட்டார். என் அப்பத்தாவும் இதையேதான் செய்வார்.

எனவே ஈரானிய வகுப்பு என்று பெயர் போடுபவர்கள் எந்த ஊர்ச் சமையல் என்றும் போட்டால் நன்றாக இருக்கும். கிலான்காரர் கற்றுத்தந்தால் மிர்சா காசெமி கற்றுக்கொள்ளுங்கள். கத்தரிக்காயைத் தணலில் சுட்டு, பூண்டும் தக்காளியும் முட்டையும் சேர்ப்பார்கள். அவர்கள் கைக்கு அதில்தான் முழு அதிகாரம்.

யாழினி மெல்பேண்

இங்கே மெல்பேணில் 2015 முதல் ஃப்ரீ டு ஃபீட் என்ற அமைப்பு அகதிகளும் தஞ்சம் கோரியவர்களும் நடத்தும் சமையல் வகுப்புகளை ஏற்பாடு செய்கிறது. நல்லூரான் அண்ணாவோடு எனக்கு ஓர் இடத்தில் மாறுபாடு உண்டு. சிலர் தாங்களாகவே சொல்ல விரும்புகிறார்கள். 2022 செப்டம்பரில், ஈரானில் தலைமறைப்பு விதிக்காகக் கைதான மாசா அமினி என்ற இளம்பெண் காவலில் இறந்த பிறகு, நான் போன ஒரு வகுப்பில் ஆசிரியை அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார், உலகம் கேட்க வேண்டும் என்றார். அன்று நாங்கள் கேட்காமல் வெங்காயம் நறுக்கியிருந்தால் அது அவமரியாதை. பேசாமல் இருப்பதை மட்டுமே மரியாதை என்று வைத்துக்கொண்டால், பேச வந்தவரின் வாயை அடைத்துவிடுவோம்.

நல்லூரான்

யாழினி, மாறுபாடு இல்லை பிள்ளை. அவர் தொடங்கினார், நீங்கள் கேட்டீர்கள். இங்கே மற்றவர் தொடங்கினார். யார் தொடங்குகிறார் என்பதுதான் என் கணக்கு. நானும் மாவீரர் நாளில் பேசுவேன், பெற்றோல் நிலையத்தில் பேசமாட்டேன்.

கரிசல்மண்

வேணி, இதைப் பற்றி அமைப்பாளர்களிடம் சொன்னீர்களா?

வேணி, ஈலிங்

எழுதினேன். பதில் வந்தது. இனிமேல் பதிவு செய்பவர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலில், ஆசிரியரிடம் ஊரைப் பற்றியும் உணவைப் பற்றியும் தாராளமாகக் கேளுங்கள், வந்த வழியைப் பற்றி அவரே சொன்னாலன்றிக் கேட்காதீர்கள் என்று சேர்க்கப்போவதாகச் சொன்னார்கள். ஒருங்கிணைப்பாளர் ஒருவர் சாப்பாட்டு மேசையில் ஆசிரியை பக்கத்தில் உட்காருவார் என்றும் எழுதியிருந்தார்கள். எனக்கு இரண்டாவது ஏற்பாடுதான் முக்கியமாகப் பட்டது. மின்னஞ்சலை எல்லாரும் படிப்பதில்லை.

தென்கரையான் சொன்ன ஊர்ப் பெயர் யோசனையையும் எழுதினேன். அடுத்த வகுப்பு அறிவிப்பில் "கிலான் சமையல்" என்றே போட்டிருக்கிறார்கள். ஃபெசென்ஜான் செய்கிறோம். பொடித்த வால்நட்டும் மாதுளைச் சாற்றுப் பாகும் சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்கவிடும் கோழிக்குழம்பு. நடுநடுவே ஐஸ் தண்ணீர் விட்டால் வால்நட்டின் எண்ணெய் மேலே வரும் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். தெஹ்ரானில் இனிப்பாகச் செய்வார்களாம், கிலானில் புளிப்பு. மதி, நீங்களும் வாருங்கள். கணிதத்தைப் பற்றி நீங்கள் கேளுங்கள்.

மதிவதனி

வருகிறேன். இங்கே கணிதம் நடத்தத் தேவையான தகுதி மதிப்பீட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அவருக்கு விருப்பமிருந்தால் விண்ணப்பப் படிவத்தைச் சேர்ந்து பார்க்கலாம்.

அகிலா திருச்சி

வேணி அக்கா, உருளைக்கிழங்கு தஹ்திக் வந்துவிட்டது! பாத்திரத்தைத் தட்டில் கவிழ்த்தபோது முழு வட்டமாக விழுந்தது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தது. மாமியார் முதலில் "அடிப்பிடிக்கவிட்டுவிட்டாயே" என்றார், பிறகு இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். இனிக் குழம்புதான். உலர்ந்த எலுமிச்சை இங்கே எந்தக் கடையிலும் இல்லை. சாதா எலுமிச்சை பிழியலாமா?

தென்கரையான்

பிழிந்தால் புளிப்பு வரும், அந்த மணம் வராது. வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருபவர் யாராவது இருந்தால் சொல்லிவையுங்கள். அங்கே மளிகைக் கடைகளில் லூமி என்று கேட்டால் கொடுப்பார்கள், எடையும் இல்லை. கறுத்தது வேண்டாம், வெளிர் பழுப்பாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், கசப்பு குறைவு. கழுவி, ஊசியால் நாலைந்து துளை போட்டு, கடைசி ஒரு மணி நேரத்துக்கு மட்டும் குழம்பில் போடுங்கள். முதலிலேயே போட்டால் விதையின் கசப்பு இறங்கிவிடும். என் தம்பி அடுத்த மாதம் துபாயிலிருந்து தஞ்சாவூர் வருகிறான். உங்களுக்கும் சேர்த்து வாங்கிவரச் சொல்கிறேன், தனிச்செய்தியில் எழுதுங்கள்.